இடிந்த கட்டடம் சாட்சி சொல்வது எப்படி?

காலையில் ஒரு கட்டடம் விழுந்தால் மாலைச் செய்திக்குள் அதற்கு மூன்று காரணங்கள் வந்துவிடும். மண் சரியில்லை, கலவையில் ஏமாற்றிவிட்டார்கள், மழை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டியவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. டிவி விவாதத்துக்கு இது போதும். நீதிமன்றத்தில் அடுத்த கேள்வி வரும்: "இடி விழுந்ததற்கு இடிபாட்டில் என்ன அடையாளம் இருக்கிறது?"

இந்த மாதிரிக் கேள்விக்குக் குறுக்கு விசாரணையைத் தாங்கும் பதிலைத் தேடுவதே ஒரு தொழில். பொறியியல் வட்டாரத்தில் ஃபாரன்சிக் இன்ஜினியர் என்பார்கள். தமிழில் தடயப் பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்கிறார், அவர் அறிக்கைக்கு ஏன் மாதக்கணக்கில் ஆகிறது, அந்த அறிக்கை எங்கே உடைகிறது என்பதே இங்கே விஷயம்.

எதெல்லாம் இந்த வேலைக்குள் வரும்

பெரிய விபத்துகள்தான் செய்தியாகின்றன. ஆனால் தடயப் பொறியாளரின் மேசைக்கு வருவதில் பெரும்பங்கு யாருமே சாகாத வழக்குகள். அடித்தள கார் பார்க்கிங்கில் ஓயாத கசிவு, புது ஃபிளாட்டில் சுவர் விரிசல், பக்கத்து மனையில் பள்ளம் தோண்டியதால் இறங்கிய பழைய வீடு, சிலாப்பில் கம்பி துருப்பிடித்து உதிரும் சீலிங். 2021இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் தேய்த்தாலே பூச்சு உதிர்ந்தது பெரிய செய்தியாகி, ஐஐடி நிபுணர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். அங்கே எதுவும் விழவில்லை. இந்தத் துறையின் கணக்கில் அதுவும் தோல்விதான். கட்டடமோ அதன் ஒரு பகுதியோ எதற்காகக் கட்டப்பட்டதோ அதைச் செய்யத் தவறினால் தோல்வி. இடிந்து விழுவது அதன் கடைசி வடிவம்.

வழக்கும் பல வகை:

1. உயிர் போயிருந்தால் கிரிமினல் வழக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். 105ஆம் பிரிவு கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றம், தண்டனை இன்னும் கடுமை. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த சம்பவம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, 304. எந்தப் பிரிவு நிற்கும் என்பது, ஆபத்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததா என்பதைப் பொறுத்தது. பொறியாளரின் காலவரிசை இங்கேதான் கனம் பெறுகிறது.
2. வீடு வாங்கியவருக்கு ரெரா எனும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3)ஆம் பிரிவு. சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையைச் சுட்டிக்காட்டினால், கட்டுநர் 30 நாளுக்குள் கூடுதல் பணம் கேட்காமல் சரிசெய்து தர வேண்டும்.
3. ஒப்பந்தக்காரருக்கும் உரிமையாளருக்கும் இடையே நடுவர் மன்றம், இன்ஷூரன்ஸ் தகராறு, பக்கத்து வீட்டுக்காரரின் சிவில் வழக்கு.

காரணம் வேறு, பொறுப்பு வேறு

"யார் செய்த தப்பு?" என்று போலீஸ் கேட்கும். பொறியாளர் சொல்லக்கூடியது, எந்த இடத்தில், எந்த வரிசையில், எந்த விசையால் உடைந்தது என்பதுதான். பொறுப்பை ஒதுக்குவது நீதிபதியின் வேலை.

1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். வரைபடப்படி நாலாவது மாடி நடைபாதையும் அதன் நேர் கீழே இரண்டாவது மாடி நடைபாதையும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பியில் தொங்க வேண்டும். பட்டறை வசதிக்காக அதை இரண்டு கம்பியாக்கிவிட்டார்கள்: ஒன்று கூரையிலிருந்து நாலாவது மாடி வரை, மற்றது அங்கிருந்து கீழே. கிணற்றுக்குள் இருவர் ஒரே கயிற்றைப் பிடித்துத் தொங்குவதற்கும், ஒருவர் கயிற்றையும் மற்றவர் அவர் காலையும் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது. நாலாவது மாடிப் பெட்டி பீமின் அடியிலிருந்த நட்டு இரட்டிப்புச் சுமையை ஏந்தியது. பீமைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

காரணம் அவ்வளவுதான், ஒரு பத்தியில் அடங்கிவிட்டது. பொறுப்பு அப்படி அடங்கவில்லை. மாற்றத்தைக் கேட்டது உருக்குப் பட்டறை. பட்டறை வரைந்த அந்தத் தயாரிப்பு வரைபடத்தில் (ஷாப் டிராயிங்) முத்திரை வைத்தது பொறியாளர் அலுவலகம். மேலும், மூல வரைபடப்படியே கட்டியிருந்தாலும் அந்த இணைப்பு நகர விதிமுறை கேட்ட வலுவில் சுமார் 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும் என்று அரசு ஆய்வு கண்டது. கடைசியில் பொறியாளர்களின் மிசௌரி மாநில உரிமம் பறிபோனது.

முதல் மூன்று நாள்

விபத்து இடத்தில் மீட்புப் பணிக்குத்தான் முதலிடம். அதில் இரண்டாம் பேச்சு கிடையாது. ஆனால் மீட்புக்கு வரும் ஜேசிபியும் கேஸ் கட்டரும்தான் தடயத்தை அழிப்பதிலும் முதலிடம். அனுபவமுள்ளவர் மீட்பை நிறுத்தச் சொல்ல மாட்டார், அதன் கூடவே நடப்பார். கவனிப்பது இவற்றை:

1. முறிந்த கம்பி முனை. புதிதாக இழுபட்டு அறுந்த டிஎம்டி கம்பி முனையில் இடுப்பு சிறுத்தது போலிருக்கும், அறுந்த முகம் பளபளக்கும். ஒரு மழை பெய்தால் போதும், மறுநாளே மெல்லிய ஆரஞ்சுத் துரு படர்ந்துவிடும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அரித்து அறுந்த முனை கரும்பழுப்பாக, அடுக்கடுக்காக இருக்கும். முதல் நாள் எடுத்த படம் இல்லாவிட்டால், "இந்தத் துரு விபத்துக்கு முன்பா பின்பா" என்ற கேள்விக்கு ஆய்வகம்தான் பதில் தேட வேண்டும். 2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பியில் தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்த வழக்கில், முக்கியக் கேபிள் ஒன்றின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே அரித்துப்போயிருந்தன, விபத்துக்கு முன்பே அறுந்திருக்கலாம் என்று சிறப்புப் புலனாய்வுக் குழு சொன்னது. அந்த 22 என்ற எண் இப்படி முனைமுனையாகப் பார்ப்பதிலிருந்து வருவது.
2. மீட்பு வெட்டு. கேஸ் கட்டர் வெட்டிய இடத்தில் எல்லாம் உடனே ஒரு நிறப் பெயின்ட். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து ஆள் காப்பாற்ற வெட்டிய கம்பியை யாரோ விபத்துச் சான்றாகக் காட்டுவார்கள்.
3. தூணின் உடைப்பு. ரிங்குகளுக்கு (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள்) இடையே நீளக் கம்பி வெளிப்பக்கம் வில்லாக வளைந்து, ரிங்கின் கொக்கி திறந்துகொண்டிருந்தால், தூண் நசுங்கி உடைந்திருக்கிறது. கொக்கியை 135 டிகிரி வளைத்து உள்ளே குத்தாமல் 90 டிகிரியில் விட்டிருப்பார்கள். படம் எடுக்கும்போது அந்தக் கோணம் தெரிய வேண்டும். தூண் நேராக நிற்க, அதைச் சுற்றி சிலாப் மட்டும் கூம்பு வடிவில் அறுபட்டு இறங்கியிருந்தால் அது துளைவெட்டு, வேறு கதை. கம்பி அறுபடாமல் உருவிக்கொண்டு வந்து, கான்கிரீட்டில் அதன் வரித்தடம் மட்டும் மிஞ்சியிருந்தால் பிடிப்பு நீளம், அதாவது கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பியின் நீளம், போதவில்லை.
4. பெயரிடுதல். ஒவ்வொரு பெரிய துண்டிலும் பெயின்டில் தூண் எண், மாடி எண். நகர்த்தும் முன்பும் பின்பும் அளவுகோல் வைத்துப் படம். டிரோன் படம் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது.
5. சிசிடிவி. பக்கத்துக் கடைகளின் பதிவு சில நாளில் தானாகவே மேலெழுதப்பட்டுவிடும். முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும். நொடிக்கு 25 ஃபிரேம் பதிவில் எந்த மூலை முதலில் இறங்கியது என்று ஃபிரேம் ஃபிரேமாக எண்ணலாம். தடையின்றி விழும் பொருள் முதல் நொடியில் 4.9 மீட்டர் இறங்கும். அதைவிட மெதுவாக இறங்கிய பகுதியை அந்த நேரத்தில் ஏதோ ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது.

எடுக்கும் ஒவ்வொரு துண்டும் மகஜரில் ஏற வேண்டும். எந்த இடம், எத்தனை மணி, யார் முன்னிலையில், யார் கையில் ஒப்படைப்பு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் பிரமாதமான ஆய்வக முடிவு வெறும் காகிதமாகிவிடும். செல்போன் படத்துக்கும் இதே கதி. பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு, ஃபைலின் ஹாஷ் மதிப்போடு (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை) தாக்கல் செய்ய வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பிய படம் சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் உதிர்ந்து வருகிறது. மூலக் கோப்பை மெமரி கார்டோடு உறையில் போட்டு வைப்பவர்களே பிற்பாடு தப்பிக்கிறார்கள்.

மௌலிவாக்கத்தில் ஓர் அபூர்வ வாய்ப்பு இருந்தது. விழுந்ததன் ஜோடிக் கட்டடம் எதிரிலேயே நின்றது. ஒரே மண், ஒரே தளத்தில் ஒரே காலத்து வேலை. விழுந்ததில் தேடினால் கிடைக்காத, நசுங்காத தூணையும் அசையாத அடித்தளத்தையும் நின்றதில் அளக்கலாம். உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு 2016 நவம்பர் 2 அன்று அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடையில் இருந்த 2 ஆண்டு 4 மாதம், ஆய்வாளர் கண்ணுக்கு, இடிபாட்டைவிடப் பெறுமதியானது.

காகிதத் தடயம்

இடிபாடு என்ன உடைந்தது என்று சொல்லும், ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பதற்குக் காகிதம்தான் கதி. அங்கீகரித்த வரைபடம், கட்டமைப்பு வரைபடம், கணக்குத் தாள், மண் பரிசோதனை அறிக்கை, எம்-புக் (வேலை அளவுப் புத்தகம்), கியூப் பதிவேடு, ரெடிமிக்ஸ் வண்டிச் சீட்டு, கம்பி பில். இரண்டு எளிய சோதனைகள் பல வழக்குகளில் பாதி வேலையை முடித்துவிடும்.

ஒன்று, வரைபடத்திலிருந்து மொத்தக் கம்பி எடையைக் கணக்கிட்டு வாங்கிய பில்லோடு ஒப்பிடுவது. வரைபடம் 180 டன் கேட்டு, பில் 120 டன்னில் நின்றால், அந்த 60 டன் எந்த மாடியில் இல்லை என்று தேடினால் போதும்.

இன்னொன்று கியூப் பதிவேடு. 150 மி.மீ. கான்கிரீட் கட்டியை 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும் சோதனை. உண்மையான தளத்தில் எண்கள் ஏறும் இறங்கும். எம்20, எம்25 கலவைகளுக்கு (ச.மி.மீ.க்கு 20, 25 நியூட்டன் தாங்க வேண்டியவை) கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி ஐஎஸ் 456 எடுத்துக்கொள்ளும் திட்ட விலக்கமே, அதாவது எண்களின் வழக்கமான சிதறலே, ச.மி.மீ.க்கு 4 நியூட்டன். பதிவேட்டில் வாரக்கணக்கில் 26.1, 26.3, 26.0, 26.2 என்று வரிசையாக இருந்தால், எம்20க்கு நல்ல முடிவு என்று மகிழக் கூடாது. அவ்வளவு ஒழுங்கான கான்கிரீட்டை எந்த மேஸ்திரியும் போட்டதில்லை. ஒரே மாலையில் ஒரே பேனாவில் எழுதியிருக்கிறார்கள்.

ஆய்வகம் சொல்வதும் சொல்லாததும்

*ரிபவுண்ட் ஹாம்மர்.* மேற்பரப்பின் கடினத்தைக் காட்டும். வலுவை மதிப்பிட்டால் பிளஸ் மைனஸ் 25 சதவீதம் பிசகலாம். எங்கே கோர் (சோதனைக்கு அறுத்தெடுக்கும் கான்கிரீட் உருளை) எடுப்பது என்று தீர்மானிக்க நல்லது, அதை வைத்து ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது.

*அல்ட்ராசானிக் வேகம்.* ஒலி அலை கான்கிரீட்டுக்குள் நொடிக்கு எத்தனை கி.மீ. போகிறது என்பது. 1992இன் ஐஎஸ் 13311 அளவுகோலில் 3.5க்கு மேல் நல்லது, 4.5க்கு மேல் மிக நல்லது என்றிருந்தது. உள்ளே தேன்கூடு போல் ஓட்டை இருந்தால் வேகம் விழும். அலை போகும் வழியில் கம்பி இருந்தால் ஏறும். கம்பி எங்கே என்று கவர் மீட்டரில் பார்க்காமல் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை.

*கோர்.* கான்கிரீட்டிலிருந்து உருளையாக அறுத்து எடுத்து நசுக்குவது, எல்லாரும் நம்பும் சோதனை. ஐஎஸ் 456 படி குறைந்தது 3 கோர் வேண்டும். கியூபுக்கு இணையாக மாற்றிய சராசரி, அந்தக் கலவைக்குரிய வலுவில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், தனி ஒரு கோர்கூட 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம்20 என்றால் சராசரி 17, தனிக் கோர் 15. எனவே 18 வந்த கோரைக் காட்டி "20 இல்லை, ஏமாற்று" என்று எழுதும் அறிக்கை முதல் குறுக்கு விசாரணையிலேயே விழும். இன்னொரு பொறியும் உண்டு. இடிபாட்டில் நசுங்கிய தூணிலிருந்து எடுத்த கோரில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல் இருக்கும். கான்கிரீட்டின் அசல் வலுவைவிடக் குறைவாகவே காட்டும். உடைந்த முகத்திலிருந்து தள்ளி, முழுசாக மிஞ்சிய துண்டில் எடுத்ததாக மகஜரில் எழுத்தில் இருந்தால்தான் அந்த எண் நிற்கும்.

*துரு சம்பந்தமானவை.* உடைத்த புது முகத்தில் ஃபினால்ஃப்தலீன் தெளித்தால் நல்ல கான்கிரீட் ரோஜா நிறமாகும். காற்றின் கரியமில வாயு புகுந்து காரத்தன்மை இழந்த பகுதி நிறம் மாறாது. நிறமற்ற பகுதி கம்பியைத் தொட்டுவிட்டதா என்று ஸ்கேலில் அளக்கலாம். குளோரைடுக்குக் கம்பியிட்ட கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோதான் ஐஎஸ் 456 தரும் உச்சவரம்பு. கடலோரத்தில் உப்புத் தண்ணீரில் கலவை போட்ட வீட்டை இந்த ஒரு எண் காட்டிக்கொடுக்கும்.

*சுமைச் சோதனை.* நிற்கும் கட்டடத்துக்கு மட்டும். முழு நிலைச் சுமையோடு பயன்பாட்டுச் சுமையின் 1.25 மடங்கை மணல் மூட்டையாகவோ தண்ணீராகவோ ஏற்றி 24 மணி நேரம் வைத்து, பிறகு ஏற்றியதை இறக்குவார்கள். தொய்வில் 75 சதவீதமாவது அடுத்த 24 மணி நேரத்துக்குள் மீள வேண்டும். கீழே முட்டுக்கொடுத்துவிட்டே செய்ய வேண்டும், சிலாப்பைத் தொடாமல் சிறு இடைவெளி விட்டு. அதை மறந்து சோதனையிலேயே சிலாப்பை இறக்கியவர்களும் உண்டு.

சாத்தியங்களை வெட்டுதல்: செராங்கூன் ரோடு, 1986

தடயப் பொறியியலின் உயிர் இங்கேதான். மனதுக்குப் பிடித்த காரணத்துக்குச் சான்று சேர்ப்பது எல்லாராலும் முடியும். இருக்கக்கூடிய எல்லாக் காரணங்களையும் எழுதி, சான்று இடிக்கும் ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டு வந்து, அடிக்க முடியாமல் மிஞ்சுவதைச் சொல்வதுதான் முறை.

1986 மார்ச் 15 அன்று சிங்கப்பூரில், தமிழர்கள் புழங்கும் செராங்கூன் ரோட்டில் இருந்த ஹோட்டல் நியூ வேர்ல்டு என்ற ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள். முதல் சந்தேகங்கள்: வெடிகுண்டு, கேஸ் கசிவு, ரயில் சுரங்க வேலை, மட்டமான கான்கிரீட். விசாரணை ஆணையம் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து கணக்குத் தாளில் போய் நின்றது. கட்டமைப்பைக் கணக்கிட்டபோது மனிதர், சாமான் போன்ற பயன்பாட்டுச் சுமையைச் சேர்த்தவர்கள், கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை.

கேட்பவர் எவருக்கும் உடனே எழும் கேள்வி, எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியும் அதுவே: "1971இல் கட்டியது. 15 வருஷம் நின்ற கட்டடத்தில் கணக்கு தப்பு என்கிறீர்களா?"

பதிலை ஒரு கற்பனைத் தூணில் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, அந்த ஹோட்டலுடையவை அல்ல.

1. 4 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 20 சதுர மீட்டர் தளத்தை ஒரு தூண் தாங்குகிறது. சிலாப், பீம், சுவர், தரைப்பூச்சு எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 0.9 டன் சொந்த எடை. ஆறு தளத்துக்கு 108 டன்.
2. பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 0.2 டன். ஆறு தளத்துக்கு 24 டன். ஆக மொத்தம் 132. சொந்த எடையை மறந்தவர் ஐந்தில் நாலு பங்கை மறந்திருக்கிறார்.
3. இப்போதைய ஐஎஸ் 456 படி 1.5 மடங்கு பாதுகாப்போடு தூண் 198 டன்னுக்கு வடிவமைக்கப்பட வேண்டும். மறந்தவர் கணக்கில் தேவை வெறும் 36 டன்.
4. ஆனால் 36 டன்னுக்கான மெல்லிய தூணை நடைமுறையில் யாரும் வார்ப்பதில்லை. குறைந்தபட்சமாக 230க்கு 300 மி.மீ., எம்20 கான்கிரீட், 16 மி.மீ. கம்பி நான்கு என்று போட்டிருப்பார். அதன் வடிவமைப்புத் தாங்குதிறன் 77 டன். பாதுகாப்புக் குணகங்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால் அது உண்மையில் உடையும் எல்லை ஏறத்தாழ 125 டன்.
5. பயன்பாட்டுச் சுமை எந்த நாளும் முழுதாக இருப்பதில்லை. பாதி இருந்தால் 108 கூட்டல் 12, ஆக 120 டன். உடையும் எல்லை 125.

120க்கும் 125க்கும் இடையிலான அந்த 5 டன்னில்தான் கட்டடம் 15 வருஷம் நின்றுகொண்டிருக்கிறது. மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கனமான ஏசி இயந்திரம், புது டைல்ஸ் அடுக்கு என்று எது ஏறினாலும் இடைவெளி சுருங்கும். எல்லைக்கு இவ்வளவு நெருக்கமாக ஆண்டுக்கணக்கில் சுமை சுமக்கும் கான்கிரீட், ஆய்வகத்தில் சில நிமிடத்தில் நசுக்கும் கட்டியைவிடக் குறைந்த சுமையிலேயே விட்டுக்கொடுக்கும் என்பதும் உண்டு. ஆக, நின்ற 15 வருஷம் கணக்கு சரி என்பதற்குச் சான்று ஆகாது. பாதுகாப்புக் குணகம் முழுவதையும் தவறு தின்றுவிட்ட பிறகு மிஞ்சியதில் அது நின்றது.

ஒரு தூண் விட்டால் அதன் சுமை பக்கத்துத் தூணுக்குப் போகும், அதுவும் எல்லையில் நிற்கிறது. ஒரு நிமிடத்துக்குள் முழுக் கட்டடமும் இறங்கியது இதனால்தான். இந்த விபத்துக்குப் பிறகு 1989இல் சிங்கப்பூர் கொண்டுவந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவர் போட்ட கட்டமைப்புக் கணக்கைச் சம்பந்தமில்லாத இன்னொரு அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும் என்றாக்கியது.

மௌலிவாக்கத்து இடியையும் இதே சல்லடையில் போடலாம். தூணை உடைக்கும் அளவு மின்னல் பாய்ந்திருந்தால் நுழைந்த இடத்தில் கான்கிரீட் சிதறியிருக்க வேண்டும், கம்பியில் உருகிய, கருகிய புள்ளிகள் இருக்க வேண்டும், உச்சியிலிருந்து தரைவரை அந்தப் பாதை தொடர வேண்டும். இவை இல்லாத இடத்தில் அந்தச் சாத்தியத்தின் மேல் கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள்.

அறிக்கையும் கூண்டும்

நிபுணர் கருத்துக்கு இடம் தருவது பாரதிய சாட்சிய அதினியத்தின் 39ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தில் 45. அது கருத்து மட்டுமே, நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. எந்த அடிப்படையில் அந்த முடிவுக்கு வந்தார் என்பதை நீதிபதி தானே சரிபார்க்கும் அளவுக்கு நிபுணர் எடுத்து வைக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. சிவில் வழக்கில் நீதிமன்றமே ஆணையரை அனுப்பும் வழி உண்டு: சிவில் நடைமுறைச் சட்டம் 26ஆம் ஆணை, 9ஆம் விதியில் நேரடிப் பார்வை, 10ஏ விதியில் அறிவியல் ஆய்வு. நடைமுறையில் அட்வகேட் கமிஷனர் ஒருவர் வருவார், கூடவே பொறியாளர் டேப்பும் கவர் மீட்டருமாக வருவார்.

கிரிமினல் வழக்கில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம். தடய அறிவியல் ஆய்வக இயக்குநர் போன்ற சில அரசு நிபுணர்களின் அறிக்கையை, அவர்கள் நேரில் வராமலே சான்றாக ஏற்கலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு. தனியார் கட்டமைப்புப் பொறியாளர் அந்தப் பட்டியலில் இல்லை. கூண்டில் ஏறித்தான் ஆக வேண்டும். சம்பவம் நடந்து ஏழெட்டு வருஷம் கழித்து சம்மன் வரும். அன்றைக்கு நினைவு கை கொடுக்காது, அன்று எழுதிய கள நோட்டுதான் கை கொடுக்கும்.

அறிக்கையில் நான்கு அடுக்குகளை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது: கண்ணால் பார்த்தது, மற்றவர் சொன்னது அல்லது ஆவணத்தில் இருந்தது, எடுத்துக்கொண்ட அனுமானம், கருத்து. "தூண் சி7இல் ரிங் இடைவெளி 310 மி.மீ." என்பது பார்த்தது. "வரைபடத்தில் 150" என்பது ஆவணம். "மற்றத் தூண்களிலும் இப்படியே" என்பது அனுமானம். "அதனால் சி7 முதலில் நசுங்கியிருக்க வாய்ப்பு அதிகம்" என்பது கருத்து. நாலையும் ஒரே வாக்கியத்தில் எழுதியவரைக் கூண்டில் கிழிப்பது எளிது. "அலட்சியம்", "மோசடி" போன்ற சொற்களும் அறிக்கையில் வரக் கூடாது. அவை தீர்ப்பின் சொற்கள்.

குறுக்கு விசாரணையில் திரும்பத் திரும்ப வருபவை:

1. "மொத்தம் எத்தனை தூண்? எத்தனையில் கோர் எடுத்தீர்கள்?" 84இல் 6 என்றால், அந்த ஆறை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கு அன்றே எழுதிய காரணம் வேண்டும். உடைந்ததில் மட்டும் எடுத்தவர் மாட்டுவார். நல்லதாகத் தெரிந்ததிலும் எடுத்தவர் நிற்பார்.
2. "இது நடந்திருக்கலாமா இல்லையா, ஆம் இல்லை என்று சொல்லுங்கள்." இயற்பியலில் முடியாதது என்று சொல்ல முடியாதபோது "நடந்திருக்கலாம், ஆனால் இன்ன சான்று அதற்கு எதிராக இருக்கிறது" என்று முழுதாக முடிக்க வேண்டும்.
3. "உங்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?" ஃபீஸை நாள் கணக்கில், எழுத்தில் வாங்கியவருக்கு இது ஒரு வரியில் முடியும். வழக்கு ஜெயித்தால் இவ்வளவு என்று பேசியவருக்கு அங்கேயே கதை முடியும்.

சிவில் வழக்கில் எது அதிக வாய்ப்புள்ளது என்பதே போதும். கிரிமினல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடம் இருக்கக் கூடாது. அதே அறிக்கை ஒரு நீதிமன்றத்தில் நட்டஈடு வாங்கித் தந்து, மற்றதில் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவிக்கவும் உதவும். செய்தி படிப்பவருக்கு முரணாகத் தெரிவது இதனால்தான்.

இந்தத் தொழிலுக்கு வர

இந்தியாவில் தடயப் பொறியாளர் என்று தனி உரிமம் கிடையாது. பி.இ. சிவில், அதன்மேல் ஸ்ட்ரக்சுரலில் எம்.இ., பிறகு தளத்திலும் வடிவமைப்பிலும் பத்துப் பதினைந்து வருஷம் என்பதே வழக்கமான பாதை. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் கீழ் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளராக இருந்தால் கூண்டில் தகுதியைக் கேட்கும்போது ஒரு கேள்வி குறையும். பெரிய வழக்குகள் பெரும்பாலும் தரமணியில் இருக்கும் சிஎஸ்ஐஆர் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கே போகின்றன. தனியார் ஆலோசகருக்கு வருவது ரெரா, நுகர்வோர் ஆணையம், நடுவர் மன்றம்.

வெறும் மென்பொருள் தெரிந்தவருக்கு இது ஒத்துவராது. இருக்கும் வரைபடத்தை ஈடாப்ஸிலோ ஸ்டாடிலோ ஏற்றினால் அது எப்படி நின்றிருக்க வேண்டும் என்று சொல்லும்; உண்மையில் கம்பி கட்டுபவர் எந்த இடத்தில் ரிங்கைத் தவறவிடுவார், தூண் இணைப்பில் மரத்தூள் ஏன் தங்கும், சென்ட்ரிங்கை (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகை, முட்டு) எத்தனை நாளில் அவசரப்பட்டு எடுப்பார்கள் என்பது தளத்தில் நின்றவருக்கே தெரியும். இரண்டும் தெரிந்தவர் குறைவு, அதனால்தான் இந்த வேலைக்கு ஆள் தட்டுப்பாடு.

வருவதற்கு முன் மூன்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. தெரிந்த கட்டுநர், பழைய வாடிக்கையாளர் சம்பந்தப்பட்ட வழக்கைத் தொட முடியாது. சிறிய ஊரில் இது வருமானத்தைப் பாதிக்கும். வேலைக்கு அமர்த்தியவர் விரும்பாத முடிவு வந்தால் அறிக்கை அலமாரிக்குள் போகும், அடுத்த வேலை வராது. மூன்றாவது, சான்றுகளை வைக்க இடம் வேண்டும். வழக்கு கீழ்க்கோர்ட்டில் முடிந்தாலும் மேல்முறையீடு ஓயும்வரை, தம் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு கோரையும், அறுத்தெடுத்த கம்பித் துண்டையும், சீல் வைத்த பையில், எண் சீட்டோடு, ஈரம் படாத அறையில் வைத்திருக்க வேண்டும். ஒரு நடுத்தர வழக்கிலேயே நூறு நூற்றைம்பது துண்டுகள் சேரும், வாடகை பொறியாளர் தலையில்.